அகெலோஸ் ஆற்றின் பெயரை அதன் கரையிலேயே விடுங்கள்

சொல்லுக்கு வேர் தேடும் தமிழன்பர்களே,

மேடையில் பேசுகிற, சிற்றிதழில் எழுதுகிற, கைப்பேசியில் நாளுக்கொரு சொல்லாய்வு அனுப்பிவைக்கிற உங்கள் எல்லாருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்கு நேரிலேயே தெரியும். உங்கள் தமிழ்ப்பற்றில் எனக்குத் துளி ஐயமும் இல்லை. பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் எதற்காக மனம் கொதிக்கிறீர்களோ அதற்காகவே நானும் கொதித்திருக்கிறேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊர் இலக்கியக் கூட்டமொன்றில் ஒரு பேச்சாளர் உலக ஆறுகளின் பெயர்களைப் பற்றிப் பேசினார். நல்ல குரல், நல்ல தமிழ். நடுவில் கிரேக்க நாட்டு ஆறு ஒன்றை எடுத்தார். "அகெலோஸ். பிரித்துப் பாருங்கள். அகல், ஓசை. அகன்று, ஓசையிட்டு ஓடுகிற ஆறு. இது தமிழில்லாமல் வேறென்ன?" என்றார். அரங்கம் கைதட்டியது. எனக்கு முன்வரிசையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கோடு போட்ட நோட்டில் "அகெலோஸ் = அகல் + ஓசை" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தாள். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என் பக்கத்தில் வந்து, "டீச்சர், அப்போ அந்த ஊர்க்காரங்களும் தமிழங்கதானா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு அவளுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அந்த உறுத்தல்தான் இந்த மடலாகியிருக்கிறது. அந்தப் பேச்சாளர் ஒருவர்மேல் எனக்குக் குறையில்லை. இப்படிப் பிரிப்பது நம்மிடையே ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நானும் ஒரு காலத்தில் ஊர் ஊராய்ப் பெயர்களைப் பிரித்து நோட்டு நிரப்பியவள்தான். பிறகு ஒரு பழைய கிரேக்க இலக்கண நூல் கைக்குக் கிடைத்தது. எழுத்துக் கூட்டப் பழகி, பெயர்ச்சொல் வாய்பாடுகளை மனப்பாடம் செய்யத் தொடங்கிய மூன்றாம் வாரத்திலேயே என் நோட்டின் பாதிப் பக்கங்கள் பயனற்றவை என்று தெரிந்துவிட்டது. ஏன் என்பதை அந்த ஓர் ஆற்றின் பெயரை வைத்தே சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் அந்த "ஓஸ்". தமிழில் "ஆற்றை", "ஆற்றின்" என்று உருபு ஏறுகிறதே, கிரேக்கத்தில் எழுவாய்க்கும் ஓர் உருபு உண்டு. ஆண்பாற் பெயர்கள் பலவற்றில் அது "ஓஸ்" என்று நிற்கும். வேற்றுமை மாறினால் அதுவும் மாறும். "அகெலோசினுடைய" என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் கடைசி "ஸ்" போய்விடும். "அகெலோசை" என்றால் அந்த இடத்தில் "ன்" வரும். அப்படியானால் நீங்கள் கேட்ட "ஓசை" எங்கே போயிற்று? கிரேக்கர் வாயில் பாதி நேரம் அது இருக்கவே இருக்காது.

வாய்ச்சொல்லுக்குச் சான்று வேண்டுமென்றால் ஒரு காசைக் காட்டுகிறேன். தென் இத்தாலியில் கிரேக்கர் குடியேறிய மெட்டபோன்ட்டம் என்னும் நகரம் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அடித்த வெள்ளிக்காசு. ஒரு பக்கம் வாற்கோதுமைக் கதிர் ஒன்று, மணியும் கூரும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக. மறுபக்கம் தாடி வைத்த ஓர் ஆள் நிற்கிறான். தலையில் காளைக்கொம்பு, காளைக்காது. ஒரு கையில் நாணல் தண்டு, மறுகையில் நீர் வார்க்கும் கிண்ணம். அவன்தான் அகெலோஸ், ஆறே ஆளாக வந்து நிற்கிறது. சுற்றிப் பொறித்திருக்கிற எழுத்துகளின் பொருள் "அகெலோசின் பரிசு". பெயர் அங்கே ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது. "ஸ்" இல்லை. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் காசு அந்த எழுத்தில்லாமல்தான் இருக்கிறது.

அடுத்தது நடுவில் ஒளிந்திருக்கும் "யகரம்". ஹோமரின் இலியட்டில் இந்தப் பெயர் வருகிறபோது "அகெலோயியோஸ்" என்றுதான் ஒலிக்கிறது. பிற்காலத்தில் அந்த யகர ஒலி தேய்ந்து, எழுத்தில் ஒரு சிறு கீழ்க்கோடாக ஒட்டிக்கொண்டு, இன்றைய எழுத்தில் அதுவும் மறைந்துவிட்டது. பழைய இத்தாலியில் வாழ்ந்த ஏட்ருஸ்கர்கள் கிரேக்கரிடமிருந்து இந்தப் பெயரை வாங்கி "அக்லை" என்று எழுதிவைத்தார்கள். ஆங்கில நூல் ஒன்றிலோ நிலப்படத்திலோ பார்த்த கடைசி வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாம் பிரித்தோமானால், தாத்தாவின் முகச்சாடையைப் பேரனின் மீசையில் தேடுவதாகத்தான் முடியும்.

அந்த நிலப்பட வடிவத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. பிண்டோஸ் மலைத்தொடரில் பிறந்து, மேற்கு கிரேக்கத்தின் வழியாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் ஓடி அயோனியக் கடலில் கலக்கிறது இந்த ஆறு. பழங்காலத்தில் அக்கர்னானியாவுக்கும் ஐட்டோலியாவுக்கும் எல்லை வகுத்தது. அதன் முந்தைய பெயர் "தோவாஸ்" என்கிறார் பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. இன்னொரு பழைய நூல் "தெஸ்டியோஸ்" என்றும், அதற்கும் முன்னால் "அக்ஸெனோஸ்" என்றும் சொல்கிறது. இடைக்காலத்துக்குப் பின் கரையோர மக்கள் "அஸ்ப்ரோபோட்டமோஸ்" என்றே அழைத்தார்கள். அஸ்ப்ரோ என்றால் வெள்ளை, போட்டமோஸ் என்றால் ஆறு. வண்டலை அள்ளிக்கொண்டு வரும் வெளிறிய நீரைப் பார்த்து ஆடு மேய்த்தவர்களும் படகு விட்டவர்களும் வைத்த பெயர் அது. 19ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் விடுதலை பெற்ற பிறகு பழம்பெயர்களைத் திரும்பக் கொண்டுவரும் வேலை மும்முரமாக நடந்தது. 1909இல் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் நிக்கோலாஓஸ் பொலிட்டிஸ் தலைமையில் இடப்பெயர்களுக்கென்றே ஒரு குழு அமைந்தது. பின்னர் ஆயிரக்கணக்கான ஊர்களின் பெயர் மாறியது. ஆறுகளிலும் சலம்ப்ரியாஸ் மறுபடி பெனெயோஸ் ஆனது, ரூஃபியாஸ் மறுபடி அல்ஃபெயோஸ் ஆனது, அஸ்ப்ரோபோட்டமோஸ் மறுபடி அகெலோஸ் ஆனது. மேல்நீரோட்டத்து மலைப்பகுதியில் மட்டும் அந்த வெள்ளைப் பெயர் இன்றும் வழங்குகிறது.

ஆக, இன்றைய நிலப்படத்தில் இருக்கும் "அகெலோஸ்" கரையோரத்தில் வாய்வழியாக இடையறாமல் வந்த பெயர் என்று சொல்வதற்கில்லை. ஏடுகளில் உறங்கிக் கிடந்ததைப் படித்தவர்கள் எழுப்பி, மறுபடி ஆற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். இந்த வரலாற்றைத் தாண்டிக் குதித்து ஒரு பெயரைப் பிரிக்க முடியுமா?

"அஸ்ப்ரோபோட்டமோஸ்" என்றதும் உங்களில் தஞ்சைப் பக்கத்துக்காரர்களுக்கு வெண்ணாறு நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனால் வெண்ணாற்றுக்கு "வெள்ளை ஆறு" என்பதுதான் பொருள் என்று அதன் பழைய கல்வெட்டு வடிவங்களைத் தேடாமல் சொல்லிவிட நான் துணியமாட்டேன். உங்களிடம் கேட்பதை முதலில் நான் செய்ய வேண்டும் அல்லவா?

இனி இந்தப் பெயரின் செழிப்பான பகுதிக்கு வருகிறேன். "அகல் ஓசை" என்று மூடிவிட்டால் நீங்கள் இழப்பது எவ்வளவு என்று பாருங்கள்.

கிரேக்க உலகத்தில் அகெலோஸ் என்ற பெயருடைய ஆறு ஒன்றல்ல. தெஸ்ஸாலியில் ஒன்று, அக்காயாவில் டைமே நகரத்தருகே ஒன்று, அர்க்காடியாவின் லைக்காயோன் மலையில் ஒன்று, ஈஜியன் கடலுக்கு அப்பால் லிடியாவில் சிபிலோஸ் மலையில் ஒன்று. கருங்கடல் கரையில் இன்றைய பல்கேரியாவில் ஓடும் ஓர் ஆற்றுக்கும் இதே பெயர். 917 ஆகஸ்ட் 20 அன்று பல்கேரிய மன்னன் சிமியோன் பைசாந்தியப் படையை அங்கேதான் நொறுக்கினான். அந்த ஆற்றங்கரை ஊரை இன்றும் அகெலோய் என்றே அழைக்கிறார்கள்.

ஏன் இத்தனை அகெலோஸ்? கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எஃபோரோஸ் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். அவர் நூல் அழிந்துபோயிற்று. மக்ரோபியஸ் என்னும் பிற்கால ரோமானிய ஆசிரியர் எடுத்துவைத்ததால் அந்தப் பகுதி மட்டும் நமக்குக் கிடைத்தது. மற்ற ஆறுகளுக்கு அந்தந்தக் கரையோரத்து மக்கள் மட்டுமே பலியிடுவார்களாம். அகெலோசை மட்டும் எல்லா ஊராரும் வணங்கினார்கள். தண்ணீருக்கே அகெலோஸ் என்று பெயர் சொன்னார்கள். காரணம், எபிரசில் இருந்த தொதோனா குறிகோயிலில் யார் போய் என்ன கேட்டாலும், சொல்லும் வாக்கோடு "அகெலோசுக்குப் பலியிடு" என்ற கட்டளையும் சேர்ந்தே வருமாம். அதனால் சடங்குகளில், வேண்டுதல்களில், ஆணைகளில் தண்ணீரை அகெலோஸ் என்றே சொல்லும் வழக்கு வந்தது என்கிறார் எஃபோரோஸ். யூரிப்பிடீசின் நாடகமொன்றில் வீடு தீப்பிடித்துவிட்டதாக எண்ணி, அதை அணைக்க ஒருவன் பணியாளர்களிடம் கேட்பது அகெலோசைத்தான், அதாவது தண்ணீரை. மேகாரா நகரில் தெயாகெனீஸ் என்னும் ஆட்சியாளன் மலையிலிருந்து வரும் நீரை வேறு பக்கம் திருப்பிவிட்டான். திருப்பிய இடத்தில் அவன் எழுப்பிய பலிபீடம் அகெலோசுக்கு. அந்த மேற்கு ஆறு மேகாராவுக்குப் பக்கத்திலேயே இல்லை. ஏதன்சின் இலிஸோஸ் ஓடைக்கரையில் சாக்ரடீஸ் ஒரு மரநிழலில் உட்காரும் காட்சியைப் பிளேட்டோ எழுதியிருக்கிறாரே, அங்கே வைத்திருந்த சிறு உருவங்களைப் பார்த்து அவர் இது நீரணங்குகளுக்கும் அகெலோசுக்கும் உரிய இடம் என்கிறார். அது ஏதன்சு, அது இலிஸோஸ், ஆனால் வணக்கம் அகெலோசுக்கு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. என்னை ஆண்டுக்கணக்காக ஆட்டிவைத்த கேள்வி இது. ஓர் ஆற்றின் பெயர் விரிந்து எல்லா நீருக்கும் ஆயிற்றா? அல்லது நீருக்கெல்லாம் பொதுவாக இருந்த பழைய சொல் ஒன்று, பேசிய மொழி மறைந்த பின், சில ஆறுகளில் மட்டும் ஒட்டி நின்றுவிட்டதா? இலியட்டின் 21ஆம் பகுதியில் அகெலோசும் பெருங்கடலாகிய ஒக்கேயானோசும் அடுத்தடுத்த அடிகளில் வருகிறார்கள். அலெக்சாந்திரிய நூலகத்தின் ஜெனோடோட்டோஸ் ஒக்கேயானோஸ் வரும் அடியை ஏற்காமல் விட்டுவிட்டார். அந்த அடி இல்லையென்றால் எல்லா ஆறும், எல்லாக் கடலும், ஊற்றும், கிணறும் பிறப்பது அகெலோசிலிருந்து என்று பொருள் மாறிவிடும். ஓர் அடி இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு பெயரின் தொன்மையே தொங்குகிறது!

பழங்காலத்துப் பொருள்விளக்கங்களும் உண்டு. "அகோஸ்" என்றால் கிரேக்கத்தில் துயரம். துயரத்தைத் தீர்ப்பவன் என்று பழைய உரைகாரர்கள் பிரித்தார்கள். அவர்களும் நம்மைப் போலத்தான், தம் மொழிக்குள்ளேயே காதால் தேடினார்கள். நம் காலத்தில் சிலர் அக்காடிய மொழிச் சொற்களோடு ஒப்பிடுகிறார்கள். கிரேக்கர் அந்த நிலத்துக்கு வருமுன் அங்கே வாழ்ந்தவர்களின் மொழியிலிருந்து எஞ்சிய சொல்லாக இருக்கலாம் என்பது பலர் கருத்து. கொரிந்தோஸ், பர்னாசோஸ், இலிஸோஸ் போன்ற பெயர்களை அப்படித்தான் பார்க்கிறார்கள். டச்சு அறிஞர் ராபர்ட் பீக்ஸ் 2010இல் வெளியிட்ட கிரேக்க வேர்ச்சொல் அகராதி இப்படிக் கிரேக்கத்துக்கு முந்தையது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் குறிக்கிறது. அகெலோசின் பொருள் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை.

அந்தப் பழைய மக்களை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவர்கள் பாடிய பாட்டு ஒன்றும் இல்லை. அவர்கள் தாலாட்டு இல்லை, இலக்கணம் இல்லை. தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொண்டார்கள் என்பதுகூட இல்லை. எஞ்சியிருப்பவை ஒரு மலை, ஓர் ஊர், ஓர் ஆறு, சில செடிகள் ஆகியவற்றின் பெயர்கள் மட்டுமே. தம் மொழி அழிந்துவிடுமோ என்று அஞ்சி இரவில் தூக்கம் கெட்டவர்கள் நீங்கள். உங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? அகெலோஸ் அப்படி அழிந்துபோன மொழியின் கடைசிச் சொற்களில் ஒன்றாக இருக்கக்கூடும். அதைப் பிடுங்கி நம் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வரக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நம் பெயர்களுக்கு இது நடந்தபோது நமக்கு எப்படி வலித்தது? முதுகுன்றம் விருத்தாசலமானது. மறைக்காடு வேதாரண்யமானது. பாலாற்றை க்ஷீரநதி என்று மொழிபெயர்த்தார்கள். பொருநை என்னும் பெயரைத் தாமிரபரணி மூடிக்கொண்டது. இஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் "இஞ்சி வேர்" வடக்கே போய்ப் பாலியில் "சிங்கிவேர" ஆயிற்று. சமஸ்கிருதத்தில் "ஸ்ருங்கவேர" என்று எழுதி, "கொம்பு போன்ற உடல் உடையது" என்று ஒரு பொருளும் கற்பித்துவிட்டார்கள். கேட்டால் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! இஞ்சியைப் பார்த்தால் கொம்பு போலத்தான் இருக்கிறது. "அகன்று ஓசையிடும் ஆறு" என்பதும் அவ்வளவே பொருத்தமாகத்தான் இருந்தது. பொருத்தமாக இருப்பது போதாது என்று இஞ்சியின் விஷயத்தில் வாதாடுகிற நாம், அகெலோசின் விஷயத்தில் மட்டும் கைதட்டலாமா?

அந்த இஞ்சி கிரேக்கம்வரை போய் "சிங்கிபெரிஸ்" ஆனதை அறிஞர்கள் ஏற்கிறார்கள். ஏன் ஏற்கிறார்கள்? வழிநெடுக அந்தச் சொல்லுக்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. பண்டம் போன வணிகவழி தெரியும். ஒவ்வொரு படியிலும் ஒலி எப்படி மாறியது என்று காட்ட முடிகிறது. அகெலோசுக்கும் தமிழுக்கும் நடுவே அப்படி ஒரு சாட்சியாவது காட்டுங்கள். "அகல்" அங்கே "அகெல்" ஆனதென்றால், இரண்டு உயிருக்கு நடுவே ககரம் வரும் நம் மற்றச் சொற்கள், பகல் போன்றவை, கிரேக்கத்தில் அதே முறையில் எங்கே என்னவாயின? ஒன்று மட்டும் பொருந்தி மற்றவை பொருந்தாவிட்டால் அது தற்செயல்.

இந்த முறையை நான் வெளிநாட்டாரிடமிருந்து கடன் வாங்கி உங்கள்மேல் ஏற்றுவதாக நினைக்காதீர்கள். நம் மொழிக்கு வாழ்வளித்த முறையே இதுதான். தமிழ் சமஸ்கிருதத்தின் கிளை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1816இல் சென்னையில் இருந்துகொண்டு எல்லிஸ் அதை மறுத்தார். 1856இல் கால்டுவெல் விரிவாக நிறுவினார். எப்படி நிறுவினார்கள்? ஒலி ஒத்த நாலு சொல்லைக் காட்டி அல்ல. தமிழில் பால், பல், புலி, பத்து என்றால் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து என்று பகரம் வரிசையாக ஹகரம் ஆகிறது. செவி என்றால் கிவி, செய் என்றால் கெய். இப்படி வரிசை பிசகாத ஒப்புமையாலும், எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினைவிகுதி ஆகியவற்றாலும்தான் திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பது நிலைத்தது. அந்த முறையை நமக்குப் பிடித்த இடத்தில் வைத்துக்கொண்டு, பிடிக்காத இடத்தில் தூக்கி எறிய முடியாது. "ஒலி ஒத்தால் போதும்" என்று நாமே சட்டம் போட்டுவிட்டால், நாளைக்கு எவனாவது தமிழ்ச்சொல் ஒன்றை எடுத்துத் தன் மொழியில் பிரித்துக் காட்டும்போது எந்த வாயால் மறுப்போம்?

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் காவிரியிலேயே இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி தன் புவியியல் நூலில் சோழநாட்டுக் கடற்கரையைக் குறிக்கும்போது "கபேரோஸ்" ஆற்றின் முகத்துவாரத்தையும், "கபேரிஸ்" என்னும் வணிகப் பட்டினத்தையும் எழுதியிருக்கிறார். காவிரியும் காவிரிப்பூம்பட்டினமும்தான். மாலுமிகளும் வணிகரும் சொல்லக் கேட்ட பெயரைக் கிரேக்கர் முடிந்தவரை அப்படியே எழுதி, இலக்கணத்துக்காகத் தம் உருபை மட்டும் ஒட்டிக்கொண்டார்கள். அகெலோசில் நிற்கும் அதே "ஓஸ்". முகத்துவாரத்தைச் சொல்லும் இடத்தில் "காவிரியின்" என்ற பொருளில் வருவதால், அங்கேயும் அந்த "ஸ்" காணாமல்போய்க் "கபேரூ" என்று நிற்கிறது. ஒரு கிரேக்கர் அந்தக் கபேரோசை எடுத்துத் தம் மொழியில் இரண்டாகப் பிரித்து, காவிரி கிரேக்கர் வைத்த பெயர் என்று ஏதன்சு மேடையில் சொல்லி, அரங்கம் கைதட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு நெஞ்சு வெந்துபோகும்.

ஆகையால் உங்களிடம் நான் கேட்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெயரைத் தமிழ் என்று மேடையில் சொல்வதற்கு முன், அந்தப் பெயர் எழுத்தில் முதன்முதல் எந்த வடிவில் வருகிறது என்று தேடுங்கள். சொல் எதுவரை, உருபு எங்கிருந்து என்று அந்த மொழியின் இலக்கணத்தைத் திறந்து பாருங்கள். இடையில் அந்த இடத்துக்கு வேறு பெயர் இருந்ததா, யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள். அதே ஒலிமாற்றம் இன்னும் பத்துச் சொல்லில் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் விடை கிடைக்காவிட்டால் "தெரியவில்லை" என்று சொல்லுங்கள். கைதட்டல் குறையும்தான். ஆனால் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். இதுதான் எனக்கு மிகவும் வேண்டியது. உங்கள் ஆர்வத்தையும் நேரத்தையும் நம் ஊர் நீருக்குக் கொடுங்கள். காவிரிக்கும் வைகைக்கும் ஆய்வாளர் உண்டு. உங்கள் ஊர்க் கன்னிவாய்க்காலுக்கு யார் இருக்கிறார்கள்? எந்த மடை, எந்த மதகு, எந்தத் துறை, எந்த ஓடை, எந்த மடு என்று பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். நீர்கட்டியாக இருந்தவரின் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். அவர் வாயில் பெயர் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள், திருத்தி எழுதாதீர்கள். "அது ஏன் அந்தப் பேரு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதையைக் கதை என்று குறித்துத் தனியாக வையுங்கள். யார் சொன்னார், எந்த ஊர், எந்த நாள், எந்த வாய்க்காலின் எந்தப் பகுதி என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பத்திரப் பதிவில், பழைய அடங்கலில், கோயில் கல்வெட்டில் அந்தப் பெயர் இருந்தால் அந்த வடிவத்தையும் சேர்த்து எழுதுங்கள். பொருளை உடனே கண்டுபிடித்தாக வேண்டியதில்லை. எஃபோரோஸ் எழுதிய ஒரு பத்தியை யாரோ ஒருவர் எடுத்துவைத்ததால்தானே தொதோனாவில் சொன்ன வாக்கு நமக்குக் கிடைத்தது? நம் நீர்ப்பெயர்களுக்கும் அப்படி எடுத்துவைப்பவர்கள் வேண்டும். உங்களைவிட்டால் எனக்கு வேறு யாரையும் கேட்கத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்டிருந்தேன். போன வாரம் வீட்டுக்கு வரச்சொல்லி, மெட்டபோன்ட்டம் காசின் படத்தை ஒரு புத்தகத்தில் காட்டினேன். கொம்பு முளைத்த அந்த ஆளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து எழுத்தாகக் கூட்டிக் காட்டி, கடைசி எழுத்து இல்லாததையும் சொன்னேன். "அப்போ இந்தப் பேருக்கு என்னதான் டீச்சர் அர்த்தம்?" என்றாள். இன்னும் யாருக்கும் தெரியாது என்றேன். நோட்டைத் திறந்து, இரண்டு கோடு போட்ட அந்த வரியை அடிக்காமல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். பிறகு தன் தாத்தா வயலுக்குப் பாயும் வாய்க்காலின் பெயரைச் சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. தாத்தாவைக் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.

நம் அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு. அவள் வருவாள். அன்றைக்கு மேடையில் யார் பேசினாலும், முதல் ஐந்து நிமிடம் அகெலோசைப் பற்றிச் சொன்னதைத் திருத்திச் சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தை அவள் கொண்டுவரும் வாய்க்கால் பெயருக்குக் கொடுங்கள்.

அன்புடனும் உரிமையுடனும்,
காவிரிக் கரையிலிருந்து ஒரு தமிழாசிரியை